மண்வெட்டியும் விசிலும்

செப்டம்பரும் அக்டோபரும் பெங்களூருவில் மழை மிகும் மாதங்கள். இரவெல்லாம் பெய்து விடியலில் ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகரின் விளிம்பிலுள்ள குன்றுக்காடுகளில் இரு வகை மிதிவண்டிக்காரர்களைக் காணலாம். முதல் வகையினர் ஈரத்தடத்தில் வண்டியை இறக்கி, பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கி, படமெடுத்துக்கொண்டு திரும்புவர். இரண்டாம் வகையினர் அன்று வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு மண்வெட்டியும் கடப்பாரையும் தூக்கி வருவர். முன்னவர் கிழித்த மண்ணைப் பின்னவர் தைப்பர். கூலி இல்லை, பதவி இல்லை, பெரும்பாலும் ஒரு நன்றிச்சொல்கூட இல்லை. இந்த இரண்டாம் வகையினரைப் போற்ற வேண்டும். அவர்களிடையே அண்மைக்காலமாகப் பரவிவரும் ஒரு பழக்கத்தைக் கண்டிக்கவும் வேண்டும்.

முதலில் போற்றுதல். குன்றுச்சரிவில் செல்லும் ஒற்றையடித் தடத்தின் முதற்பகை நீர். சக்கரமும் காலும் அதற்கு அடுத்தவையே. தடம் சரிவின் போக்கிலேயே நேராக இறங்கினால் மழைநீர் அதைத் தன் ஓடையாக்கிக்கொள்ளும். ஆகவே தடம் சரிவைக் குறுக்காகக் கடக்க வேண்டும். அதன் ஏற்றம் அந்தச் சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டலாகாது என்பது தடம் அமைப்போர் பல நாடுகளிலும் கைக்கொள்ளும் விதி. தடத்தின் வெளியோரம் உள்ளோரத்தைவிடச் சற்றே தாழ்ந்திருந்தால் நீர் தடத்தின் நெடுகே ஓடாமல் குறுக்கே வழிந்து போய்விடும். தாழ்ந்த இடத்தில் நீர் தேங்கினால் அதைச் சுற்றிப் போகிறவர்கள் தடத்தை அகலமாக்குவர். அகலமான இடத்தில் புல் சாகும். புல் செத்த இடத்தில் மண் போகும். ஈரக்காலையில் பூட்டிய ஒரு சக்கரம் இழுத்த கோடு அடுத்த மழைக்கு வாய்க்கால். இவ்வளவையும் அறிந்து, உண்ணிச்செடியை வெட்டி ஒதுக்கி, கல்லைப் புரட்டி, நீருக்கு வழிவிட்டு வீடு திரும்புகிறவர் ஒரு கைவினையைச் செய்துவிட்டுப் போகிறார். அதை வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவது அறியாமை.

சிக்கல் மண்வெட்டியில் இல்லை. அதன் பின்னாலேயே வந்துசேரும் விசிலில் இருக்கிறது.

முதலில் ஒரு வாட்ஸாப் குழு. பிறகு ஒரே நிற மேற்சட்டை. பிறகு முறைவைத்துச் சுற்றிவருதல். பிறகு அதற்கு 'ரோந்து' என்ற பெயர். பெயர் வந்ததும் பார்வை மாறிவிடுகிறது. நேற்றுவரை மண்ணரிப்பைத் தேடிய கண்கள் இன்று ஆளைத் தேடுகின்றன. ஆடு ஓட்டிவரும் முதியவரை நிறுத்தி, "இங்கே உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்கின்றன. சுள்ளிக்கட்டைச் சுமந்துவரும் பெண்ணைப் படமெடுத்துக் குழுவில் இடுகின்றன. அங்கிருந்து அந்தப் படம் வன அலுவலரின் கைப்பேசிக்குப் போகிறது. எல்லாக் குழுவினரும் இப்படியல்லர். ஆனால் இப்படிச் செய்வோரை மற்றவர்கள் கண்டிப்பதில்லை. 'காட்டின் மீது அவ்வளவு அக்கறை' என்று விருப்பக்குறி இடுகின்றனர்.

அந்தத் தடத்தை முதலில் போட்டது யார்? மேய்ச்சல் விலங்குகள் சரிவில் நேராக ஏறுவதில்லை. மூச்சு வாங்காத ஏற்றத்தை அவை தாமே தேர்ந்து, சரிவைச் சுற்றிச் சுற்றி வரிகளாக நடந்து மண்ணை இறுக்கிவிடுகின்றன. தடம் அமைப்போர் அளவுகோல் வைத்துக் கண்டடைந்த விதியை ஆடுமாடுகள் குளம்பால் கண்டடைந்திருக்கின்றன. தலைச்சுமையோடு இறங்குகிற பெண்ணும் வழுக்காத வழியையே நாடுவாள். நகர விளிம்புக் காடுகளில் மலைமிதிவண்டி ஓடும் தடங்களில் பல, இந்த இருவரும் தலைமுறைகளாக நடந்து நடந்து உண்டாக்கிய வழிகளே. அவற்றின் மீது வண்டி ஓட்டுவதில் தவறில்லை; வழி என்பது எல்லோரும் போவதற்குத்தான். வழியை உண்டாக்கியவரையே அந்த வழியில் நிறுத்தி அடையாளம் கேட்பதுதான் தவறு.

இதில் ஒரு கசப்பான வேடிக்கையும் உண்டு. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் தன் 26ஆம் பிரிவில், காப்புக்காட்டில் அத்துமீறி நுழைவதையும் கால்நடை மேய்ப்பதையும் ஒரே மூச்சில் குற்றமாக்கியது. கர்நாடகம் 1963இல் தனக்கென ஒரு வனச் சட்டம் இயற்றிக்கொண்டபோதும் அந்தக் காலனியப் பார்வை கைவிடப்படவில்லை. அதாவது, காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி இலட்சம் ரூபாய் வண்டியில் வருகிறவரும் இருபது ஆட்டோடு வருகிறவரும் சட்டத்தின் கண்ணில் ஒரே வகுப்பார், இருவரும் அத்துமீறியவர்களே. மேற்சட்டை அணிந்தவரை ஒரு கணமும் மேய்ப்பரை ஒரு கணமும் பிரித்து நிறுத்துவது சட்டமன்று, அலுவலரின் புன்னகை. இந்த அலுவலர் மாற்றலாகிப் போய், அடுத்து வருகிறவர் புன்னகைக்க மறுத்தால், தன்னார்வலரின் மேற்சட்டை வெறுந்துணி. அந்தப் புன்னகையைத் தக்கவைத்துக்கொள்ளத் தரப்படும் வாடகைதான் ரோந்து. வாடகை தருபவர் தன் பையிலிருந்து தரவில்லை. மேய்ப்பரின் பையிலிருந்து எடுத்துத் தருகிறார்.

அரசுக்கு இதில் என்ன வருத்தம்? சம்பளமில்லாத கைகள் மண்ணைச் சீர்செய்கின்றன. சம்பளமில்லாத கண்கள் காவல் காக்கின்றன. இத்தகைய உழைப்புக்குத் தமிழில் ஒரு பழஞ்சொல் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் ஊரார் ஊதியமின்றிச் செய்தாக வேண்டிய கட்டாய வேலைக்கு 'வெட்டி' என்று பெயர். அதே சொல்லின் கன்னட உறவு 'பிட்டி', வடமொழியில் 'விஷ்டி'. இன்று தமிழில் 'வெட்டிவேலை' என்றால் பயனற்ற வேலை. கன்னடத்தில் 'பிட்டி' என்றால் இலவசம். ஊதியம் பெறாத உழைப்பைப் பயனற்றதென்றும் இலவசமென்றும் காலம் பெயர் மாற்றி வைத்திருக்கிறது. உழைத்தவனின் நினைவு மட்டும் சொல்லிலிருந்து உதிர்ந்துவிட்டது.

கி.பி. 150ஐ ஒட்டி, ஜூனாகட் பாறையில் ருத்ரதாமன் என்ற அரசன் தன் பெருமையைப் பொறித்துவைத்தான். புயல்வெள்ளத்தில் உடைந்த சுதர்சன ஏரியைக் குடிகளிடம் வரியோ விஷ்டியோ வாங்காமல் தன் கருவூலப் பொருளைக் கொண்டே செப்பனிட்டான் என்பது அவற்றுள் ஒன்று. பொதுப்பணிக்குக் கூலியில்லா உழைப்பை வாங்காதிருப்பது அரசனுக்குப் புகழ் என்று அன்றே ஒருவன் கருதியிருக்கிறான். 1921 சனவரியில் குமாவுன் மலையின் பாகேசுவரத்தில், உத்தராயணித் திருவிழாவுக்குக் கூடிய மக்கள், அதிகாரிகளின் மூட்டைகளை மலைவழிகளில் சுமக்கக் கட்டாயப்படுத்திய 'கூலி பேகார்' பதிவேடுகளைச் சரயு ஆற்றில் வீசினர். இந்த நாட்டில் மலைப்பாதைக்கும் கூலியில்லா உழைப்புக்கும் உள்ள உறவு இனிமையானதன்று.

மனமுவந்து செய்வதும் மிரட்டிச் செய்விப்பதும் ஒன்றல்ல என்று மறுக்கலாம். உண்மை, ஒன்றல்ல. ஞாயிறு காலை மண்வெட்டி பிடிப்பவர் திங்களன்று பிடிக்க மறுக்கலாம். வெட்டி செய்தவருக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. ஆனால் அதே காட்டில் தீத்தடுப்புக் கோடு வெட்டவும் கன்றுக்கு நீர் ஊற்றவும் தினக்கூலிக்கும் ஒப்பந்தத்துக்கும் வருகிற தொழிலாளர்கள் இருக்கின்றனர். தன்னார்வலர் விருப்பத்தோடு இலவசமாகச் செய்யும் ஒவ்வொரு காவல்வேலையும் அவர்களின் கூலிப் பேரத்தைத் தளர்த்துகிறது. 'இதைத்தான் நகரத்துப் பிள்ளைகள் சும்மாவே செய்கிறார்களே' என்ற ஒரு வாக்கியம் போதும். மென்பொருள் நிறுவனத்தில் தன் ஒரு மணி நேர உழைப்புக்கு விலை தெரிந்தவர் இதைச் சிந்தித்தாக வேண்டும்.

தடத்தோடு பழகியவரின் சொல்லுக்கு வலிமை உண்டு என்பதை துரஹள்ளி காட்டியது. தெற்கு பெங்களூருவில் கனகபுரா சாலைப் பக்கமுள்ள அந்தக் காட்டில் 2021 தொடக்கத்தில் மரப்பூங்கா அமைக்கும் வேலை எழுந்தபோது, பாறையேறுவோரும் மிதிவண்டிக்காரரும் பறவை நோக்குவோரும் சுற்றுவட்டாரக் குடியிருப்பினரும் திரண்டு எதிர்த்தனர். காட்டுக்குப் பூங்கா வேண்டாம், காடு காடாகவே இருக்கட்டும் என்றனர். அரசு பின்வாங்கியது. அந்த வெற்றி எதனால் கிடைத்தது? எவரும் அவர்களுக்குக் காவல் அதிகாரம் கொடுத்திருந்ததாலன்று. அவர்கள் அந்த மண்ணை நாள்தோறும் மிதித்தவர்கள், அறிந்தவர்கள். அந்த அறிவுக்கு ஓர் எடை இருந்தது. அதே எடை மேய்ப்பரின் அறிவுக்கும் உண்டு. வேலியும் நடைபாதையும் நுழைவுச்சீட்டும் காட்டைக் கெடுக்கும் என்று அரசிடம் வாதிட்டவர், மறுவாரமே மேய்ப்பருக்கு எதிராகத் தாமே வேலியாக நிற்பது எவ்வகை நேர்மை?

எதிர்வாதங்கள் இருக்கின்றன, அவற்றைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மேய்ச்சல் மிகுந்தால் கன்று பிழைக்காது. மெய். ஆனால் எவ்வளவு மேய்ச்சல், எப்பருவத்தில், எந்தச் சரிவில் என்பவை மேய்ப்பரோடு அமர்ந்து பேசித் தீர்க்க வேண்டியவை. விசில் ஊதித் தீர்பவையல்ல. இரவில் வந்து பாட்டில் உடைப்பவர், கட்டட இடிபாட்டை லாரியில் கொண்டுவந்து கொட்டுபவர், மோட்டார் சைக்கிளில் தடத்தை உழுபவர் ஆகியோரை என்ன செய்வது? பார்த்ததைக் குறித்து, இடத்தையும் நேரத்தையும் எழுதி, பொறுப்பான அலுவலகத்தில் முறைப்படி புகாரளித்து, விடை வரும்வரை விடாது கேட்பது. இதுவும் கடும் உழைப்பே. ஆனால் லாரிக்காரனை மறிக்க அஞ்சும் விசில், சுள்ளி பொறுக்கும் பெண்ணைக் கண்டதும் மட்டும் ஒலிப்பதைக் காணும்போது, அது காட்டுக்காக ஒலிக்கிறது என்று நம்புவது கடினம்.

வெளிநாடுகளில் ரோந்து இருக்கிறதே என்பர். இருக்கிறது, அது பிறந்த கதையைப் பார்க்க வேண்டும். 1980களில் கலிஃபோர்னியாவில் நடப்போரும் குதிரையேறுவோரும் புகார் கூறப் பல தடங்கள் மிதிவண்டிகளுக்கு மூடப்பட்டன. அங்கே குற்றவாளிக் கூண்டில் நின்றவர் மிதிவண்டிக்காரர். 1988இல் அம்மாநிலத்தின் ஐந்து மன்றங்கள் கூடிப் பன்னாட்டு மலைமிதிவண்டிச் சங்கத்தைத் தொடங்கின. அது வகுத்த விதிகள்: திறந்த தடத்தில் மட்டும் செல், வண்டியைக் கட்டுக்குள் வை, பிறருக்கு வழிவிடு, விலங்குகளை வெருட்டாதே, சுவடு விடாதே, முன்னேற்பாட்டோடு போ. ஒவ்வொரு விதியும் ஓட்டுபவரை நோக்கியது. பிறரை ஆள்வதற்கு ஒன்றுகூட இல்லை. பிரிட்டனில் 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் குதிரைவழிகளில் மிதிவண்டி செல்லும் உரிமையைத் தந்தது. கூடவே, நடப்போருக்கும் குதிரையேறுவோருக்கும் வழிவிட வேண்டும் என்றும் கட்டளையிட்டது. பின்னால் வந்தவர் முன்னிருந்தவருக்கு வழிவிட வேண்டும் என்பதே அதன் அறம். இங்கே அந்த ரோந்தின் மேற்சட்டை மட்டும் இறக்குமதியாயிற்று. அதை அணியவைத்த அடக்கம் வந்துசேரவில்லை.

செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. ரோந்து என்ற சொல்லையும் அது தரும் தோரணையையும் கைவிட வேண்டும். சுற்றிவருதல் தொடரட்டும்: அடிபட்டவருக்கு முதலுதவி, வழிதவறியவருக்கு வழி, விழுந்த மரத்தைப் பற்றிய குறிப்பு. ஈரத்தில் ஓட்டும் தம் நண்பர்களைத் தடுப்பதற்கு முதலில் அந்தத் துணிவைப் பயன்படுத்தட்டும். அலுவலரின் புன்னகைக்குப் பதிலாக எழுத்தில் ஓர் உடன்பாட்டைக் கேட்க வேண்டும்: எந்தத் தடம், எந்த மாதங்களில், யார் பேணுவது, அடிபட்டால் யார் பொறுப்பு. அந்த உடன்பாட்டு மேசையில் மேய்ப்பருக்கும் சுள்ளி எடுப்போருக்கும் நாற்காலி இல்லையென்றால் கையெழுத்திடக் கூடாது. இது கற்பனைக் கோரிக்கையன்று. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், தகுதியுடைய சமூகங்களுக்கு மேய்ச்சல் உரிமையையும் தம் சமூகக் காட்டைக் காத்துப் பேணி நிருவகிக்கும் உரிமையையும் ஒரே பிரிவில் சேர்த்தே வைத்திருக்கிறது. பயன்படுத்துபவரே பேணுபவர் என்னும் கருத்தை நாடாளுமன்றம் ஏற்று ஆண்டுகள் பல ஆகிவிட்டன. நகர விளிம்புக் காடு ஒவ்வொன்றுக்கும் அச்சட்டம் பொருந்தாமல் போகலாம். அதன் நியாயம் பொருந்தும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் மழைக்குப் பின் குன்று ஈரமாகத்தான் இருக்கும். எந்தத் திருப்பத்தில் நீர் தேங்கும், எந்தப் பாறையின் அடியில் மண் இளகியிருக்கும் என்பதைத் தடம் பேணுவோர் தேடி அலைவர். அவற்றையெல்லாம் அறிந்த ஒருவர் ஆடுகளுக்குப் பின்னால் கோலூன்றி நடந்து வருவார். அவரிடம் அதைக் கேட்பதற்கு, வாயிலிருக்கும் விசிலை முதலில் எடுத்தாக வேண்டும்.