இரண்டு மணி நேரத்தில் திரும்பி வரும் வாடிக்கையாளர்

அரிசி வாங்குகிறவர் மாதம் ஒருமுறை வருகிறார். எண்ணெய்க்கு வாரம் ஒருமுறை. சிகரெட், பீடி வாங்குகிறவர் மட்டும் இரண்டு மணி நேரத்தில் மறுபடி வந்து நிற்கிறார். பனியன் கம்பெனிகளில் டீ டைம் விட்டதும் நல்லூர்க் கடைகளில் முதலில் கை நீள்வது எதற்கு என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. இதை நம் கடையின் ராசி என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். காரணம் வேறு.

மூளையின் நரம்பணுக்களில் அசிடைல்கோலின் என்ற இரசாயனத்துக்கென்றே ஏற்பிகள் இருக்கின்றன. இவை பூட்டுகள் என்றால் நிகோடின் ஒரு கள்ளச்சாவி. புகையை இழுத்த பத்து, இருபது விநாடிகளில் அது மூளைக்குப் போய்ப் பூட்டைத் திறந்துவிடுகிறது. உடனே டோபமின் சுரக்கிறது. பசித்தவனுக்குச் சோறு கிடைத்தால் சுரக்கும் அதே டோபமின்தான். இந்த ஏற்பியில் பீட்டா-2 என்றொரு பகுதி உண்டு. அது இல்லாத சுண்டெலிகளை வைத்து நடந்த ஆராய்ச்சி 1998-ல் வெளியானது. மற்ற எலிகள் நிகோடினைத் தாமே தேடி எடுத்துக்கொண்டன, இவை நாடவில்லை. ஆக, பிடி இருக்குமிடம் அதுதான்.

தொடர்ந்து பிடிப்பவருக்கு இந்த ஏற்பிகள் பெருகிவிடுகின்றன. இரத்தத்தில் நிகோடின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகிறது. ஏற்பிகள் மறுபடி கேட்கின்றன, ஆள் நம் கடைக்கு வருகிறார். மூளை முழுதும் முதிராத பதினைந்து, பதினாறு வயதில் இந்தப் பிடி இன்னும் இறுகிவிடும்.

பையன்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று நாம் வற்புறுத்துவது அதனால்தான். பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கு விற்பதையும், பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கஜத்துக்குள் விற்பதையும் 2003-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. "அப்பாவுக்கு" என்று சொல்லி வருகிற பையனுக்கும் கிடையாது என்றே சொல்ல வேண்டும். சில்லறையாக ஒன்று, இரண்டு கொடுக்கும்போது பெட்டியில் 85 சதவீத இடத்தை அடைத்திருக்கும் எச்சரிக்கைப் படம் வாங்குகிறவர் கண்ணிலேயே படுவதில்லை.

குட்கா, புகையிலை கலந்த பாக்கு விஷயத்தில் பேச்சே வேண்டாம். தமிழ்நாட்டில் 2013 முதல் தடை ஆண்டுதோறும் நீட்டிக்கப்படுகிறது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தபோது சிலர் சந்தோஷப்பட்டனர். ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்துவிட்டது. கல்லாவுக்குக் கீழே சரம் வைத்துக் கடைக்கு சீல் வாங்குவது வியாபாரமாகாது.

"நாம் நிறுத்தினால் அடுத்த கடைக்காரர் விற்பார்" என்பார்கள். உண்மைதான். தனி ஒருவரால் ஆகிற காரியமல்ல, தெரு முழுவதும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். அந்த வியாபாரம் போனால் கடை என்னாவது என்ற கவலை நியாயமானதே. ஆனால் சனிக்கிழமைச் சம்பளத்தில் புகையாய்ப் போகிற பணம் எங்கிருந்து குறைகிறது? நம்முடைய மளிகைப் பாக்கி நோட்டைப் புரட்டினால் தெரியும்.

விட நினைப்பவருக்கு வழி உண்டு. முழுதாக நிறுத்தினால் பெருகிய ஏற்பிகள் சில வாரங்களில், சிலருக்கு சில மாதங்களில், பழைய அளவுக்குத் திரும்புகின்றன. அந்த நாட்களைத் தாண்ட உதவும் நிகோடின் சூயிங்கம் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசியில் ஆலோசனை பெறலாம். பதினெட்டு வயது அறிவிப்புப் பலகை எப்படியும் கடையில் மாட்டியாக வேண்டியதே. அதன் கீழே இந்த எண்ணையும் தமிழிலும் இந்தியிலும் எழுதி வைக்கும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.