'நீர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லும்'

கடந்த தை மாதத்தில் ஒரு காலைப்பொழுது. தள்ளாடியிலிருந்து மன்னார்த் தீவுக்குச் செல்லும் தாம்போதியில் முச்சக்கரவண்டியை நிறுத்தினோம். ஆழமற்ற நீர்ப்பரப்பில் தொலைவில் பூநாரைகள் நின்றன. உடன் வந்த நண்பர் எறிகணை வீச்சில் இரு கால்களையும் இழந்தவர். சிறுவயதில் எனக்குப் பறவைகளின் பெயர்களைச் சொல்லித் தந்தவரும் அவரே. சக்கர நாற்காலியை இறக்க இடம் தேடினோம். வீதியில் பாரவூர்திகள் விரைந்தன. விளிம்புக்கு அப்பால் சரிவு, அதன் கீழே சேறு. நண்பர் சிரித்தபடி சொன்னார்: "நீர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லும்."

முப்பது ஆண்டுகளாகப் பிறர் பார்க்க முடியாதவற்றைப் பார்த்து எழுதுவதே என் தொழில். அன்று அந்தத் தொழில் எனக்குக் கசந்தது.

வங்காலைச் சரணாலயம் 2008இல் பிரகடனம் செய்யப்பட்டது. 4,839 ஹெக்டேயர் பரப்புள்ள இவ்விடம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக அங்கீகாரம் பெற்றது. மத்திய ஆசியாவிலிருந்து பறந்து வரும் பறவைகளுக்கு இது புகலிடம். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடந்து பறவை வந்துவிடுகிறது. உள்ளூர் மனிதனால் கடைசி ஐம்பது மீற்றரைக் கடக்க முடியவில்லை.

இது கருணையைக் கோரும் கட்டுரை அன்று. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், பொதுமக்கள் செல்லக்கூடிய எந்தக் கட்டடத்திற்கோ இடத்திற்கோ செல்வதிலிருந்து ஒருவரை அவரது இயலாமையைக் காரணம் காட்டித் தடுக்கக்கூடாது என்கிறது. அணுகல் வசதிகள் பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வர்த்தமானியில் வெளிவந்தன. 2011இல் உயர் நீதிமன்றமும் அவற்றை வலியுறுத்தியது. 2016இல் இலங்கை ஏற்புறுதி செய்த ஐ.நா. சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை, பொழுதுபோக்கு, சுற்றுலா இடங்களையும் உரிமைக்குள் சேர்க்கிறது. காகிதத்தில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர்.

"சோற்றுக்கே வழியில்லாதவர்களுக்குப் பறவை எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். வசதி படைத்தவன் பறவை பார்த்தால் ரசனை, காலிழந்த ஏழை பார்த்தால் ஆடம்பரமா? போர் பறித்தது காலை. ஊரின் கடலையும் வானத்தையும் பறிக்கும் அதிகாரத்தை நமக்கு யார் தந்தது?

"பாதை போட்டால் சரணாலயம் கெடும்" என்பார் வேறு சிலர். இக்கவலை நியாயமானது. ஆனால், ஈரநிலத்தின் நடுவே கொங்கிறீற் கொட்டும்படி எவரும் கேட்கவில்லை. விளிம்போரமாக, நீரோட்டத்தை மறிக்காத மரப்பலகைப் பாதை போதும். மனிதர் நினைத்த இடமெல்லாம் இறங்கித் திரிவதைவிட ஒரே பாதையில் நடப்பது பறவைக்கும் நல்லது. இலண்டனில் தேம்ஸ் நதியோரம் பழைய நீர்த்தேக்கங்களை ஈரநிலமாக்கி, 2000இல் திறந்தார்கள். அங்கே சக்கர நாற்காலியிலேயே மறைவிடம் வரை சென்று பறவை பார்க்கலாம்.

நமக்கு அது இன்னும் எளிது. மன்னார் மலைநாடு அன்று. மேசை போன்ற சமநிலம். 164 கிலோமீற்றர் ஓடிவரும் அருவியாறுகூட இம்மண்ணில் ஆரவாரமின்றியே கடலைச் சேர்கிறது. இங்கே இயற்கை வைத்த தடை மணலும் சேறுமே; ஏனைய தடைகள் நாம் கட்டியவை. தீவின் தென்கரையில் 2020இல் தொடங்கிவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையின் முப்பது கோபுரங்களுக்கும் பாதை போட முடிந்தது. இராட்சத இறக்கைகள் சென்ற மண்ணில் ஒரு சக்கர நாற்காலி செல்ல முடியாதா?

கேட்பது பெரிதன்று. தாம்போதியின் அருகே ஒன்று, அருவியாற்றின் முகத்துவாரத்தருகே ஒன்று என இரண்டு குறும்பாதைகள். இரு நாற்காலிகள் விலகிச் செல்லும் அகலம். பன்னிரண்டடிக்கு ஓரடிக்கு மேல் உயராத சாய்தளம். அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் பார்வைச் சாளரம். நிழல், இருக்கை, பயன்படுத்தக்கூடிய கழிப்பறை. முதியோரும் கர்ப்பிணிகளும் குழந்தை வண்டியோடு வருபவர்களும் இதே பாதையில்தான் நடப்பார்கள். முக்கியமாக, திட்டம் வரையும் மேசையில் கால் இழந்தவர் ஒருவர் இருக்கட்டும். திறப்பு விழாவில் மாலை போடுவதற்கு மட்டும் அவரை அழைக்காதீர்கள்.

அன்று நான் சரிவில் இறங்கவில்லை. வண்டிக்குள் நண்பரின் பக்கத்திலேயே அமர்ந்துகொண்டேன். பூநாரைகள் அடுத்த பருவத்திலும் வரும். அவரிடம் "வாரும், போவோம்" என்று சொல்லக்கூடிய பாதை அதற்குள் வருமா?