திருமலையின் எதிர்காலமும் ஆய்வாளர்களின் கடமையும்

திருகோணமலைத் துறைமுகத்தையும் அதனைச் சூழவுள்ள நிலப்பரப்பையும் மையப்படுத்திய உடன்பாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைச்சாத்திடப்பட்டு வந்துள்ளன. சீனக்குடாவிலுள்ள 99 எண்ணெய்த் தாங்கிகளுள் 14 ஐ லங்கா ஐ.ஓ.சி. நிறுவனமும் 24 ஐ இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் தம்வசம் வைத்துக்கொள்வதென்றும், எஞ்சிய 61 ஐ இரண்டும் இணைந்த கம்பனியொன்று அபிவிருத்தி செய்வதென்றும் 2022 ஜனவரியில் இணக்கம் காணப்பட்டது. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் இலங்கைக்கு விஜயம் செய்தபோது, சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்னுற்பத்தித் திட்டம் ஆரம்பித்து வைக்கப்பட்டது. திருகோணமலையை வலுசக்தி மையமாக்குவதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கையில் இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்று நாடுகளும் அதே வேளையில் ஒப்பமிட்டன.

இவற்றைப் பிராந்திய வல்லரசுகளின் போட்டியாகவே பார்த்து விவாதிப்பது எமக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் எவரும் அதிகம் எழுப்பாத கேள்வியொன்று உண்டு. இத்தகைய தீர்மானங்களுக்கு அடிப்படையான ஆய்வுகளைச் செய்தவர்கள் யார்? அவற்றில் இம்மாவட்டத்தின் தமிழ், முஸ்லிம், சிங்கள மக்களின் வாழ்வு எவ்வாறு பதிவாகியுள்ளது?

திருகோணமலைக்கான பெருந்திட்டத்தைத் தயாரிக்கும் பணி சிங்கப்பூரின் சுர்பானா ஜுரோங் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. வெளிநாட்டு நிபுணர்களின் அறிவை நாம் வேண்டாமென்று கூறவில்லை. எனினும் கொட்டியாரக் குடாவில் கரைவலை இழுப்பவர் யார், எந்த வயலுக்கு உறுதி உண்டு, எதற்கு அனுமதிப்பத்திரம் மாத்திரமே உண்டு என்பனவெல்லாம் நிபுணர்களின் வரைபடங்களில் எளிதில் அகப்படுபவை அல்ல. பிரதேச செயலகங்களின் கோப்புகளிலும் ஊர் மக்களின் நினைவிலுமே அவை தங்கியுள்ளன. அவற்றைத் தேடித் திரட்டி, கொள்கை வகுப்போர் முன் ஆதாரமாக வைப்பதே பொது நிர்வாகத்தையும் பொதுக் கொள்கையையும் ஆராய்வோரின் பணியாகும்.

அப்பணி உரிய வேளையில் நடைபெறாவிடின் நேரும் விளைவுக்குச் சம்பூரே சாட்சி. 2006 இல் யுத்தத்தினால் இடம்பெயர்ந்த மக்களின் காணிகள் 2007 இல் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடக்கப்பட்டன. பின்னர் அதே நிலம் முதலீட்டு வலயமெனவும் அனல் மின்நிலையத்துக்கான இடமெனவும் குறிக்கப்பட்டது. 2015 இல் 818 ஏக்கர் விடுவிக்கப்படும் வரை அம்மக்கள் கிளிவெட்டி போன்ற இடங்களில் அகதிகளாகவே காலங்கழித்தனர். அனல் மின்நிலையத் திட்டம் 2016 இல் கைவிடப்பட்டது. இத்தனை ஆண்டுகளிலும் வர்த்தமானி அறிவித்தல்கள் மாறினவேயன்றி, அங்கு வாழ்ந்தவர்கள் எதை இழந்தார்கள் என்ற முழுமையான கணக்கு தீர்மானம் எடுப்போரின் மேசையில் இருந்ததாகத் தெரியவில்லை.

எமது மாவட்ட நிர்வாகம் ஆய்வாளர்களின் கண்ணில் படாமலும் இல்லை. யுத்த காலத்தில் கிழக்கின் அரச உத்தியோகத்தர்கள் இரு அதிகாரங்களுக்கிடையே நின்று எவ்வாறு அலுவலகம் நடத்தினர், யுத்தம் முடிந்தபின் அவர்களது நிலை எவ்வாறு மாறியது என்பதை பார்ட் கிளெம் என்ற ஐரோப்பிய ஆய்வாளர் 2012 இல் ஆங்கிலச் சஞ்சிகையொன்றில் விரிவாக எழுதினார். அவரது உழைப்பு பாராட்டுக்குரியது. ஆனால் அந்த வரலாற்றைத் தம் வாழ்வாகவே சுமந்த கிராம சேவகரும் பிரதேச செயலாளரும் தமிழில் எடுத்து வாசிக்கக்கூடிய ஆய்வுகள் அரிதாகவே உள்ளன என்பது எமது கல்விச் சமூகம் சிந்திக்க வேண்டிய விடயமாகும்.

அதேவேளை நம்மிடையே முன்மாதிரி இல்லாமலும் போகவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியராக விளங்கிய மறைந்த எஸ்.எச். ஹஸ்புல்லா, 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் இழப்புகளையும் மீள்குடியேற்றத் தடைகளையும் பல ஆண்டுகளாக ஆராய்ந்து பதிவு செய்தார். தம் சமூகத்தின் துயரை அவர் வெறும் முறைப்பாடாக விட்டுவிடவில்லை. மறுக்க முடியாத ஆதாரமாக மாற்றினார். திருகோணமலைக்கு இன்று தேவைப்படுவதும் அத்தகைய உழைப்பே.

இங்கு கசப்பான உண்மையொன்றையும் கூறியாக வேண்டும். 2006 இல் சம்பூர்த் தமிழ் மக்களும் மூதூர் முஸ்லிம் மக்களும் ஒரே ஆண்டில் இடம்பெயர்ந்தனர். குச்சவெளிப் பிரதேசத்தில் தென்னமரவடி, திரியாய் தமிழ் விவசாயிகளும் புல்மோட்டை முஸ்லிம் விவசாயிகளும் ஒரே வகையான காணிப் பிரச்சினைகளையே எதிர்கொண்டு வந்துள்ளனர். கிழக்கின் தொல்பொருள் முகாமைத்துவத்துக்கென 2020 ஜூனில் ஜனாதிபதி செயலணி நியமிக்கப்பட்டபோது, அதில் தமிழரும் இருக்கவில்லை, முஸ்லிமும் இருக்கவில்லை. அவ்வாறிருந்தும் ஒரு சமூகத்தின் இழப்பை அச்சமூகத்தவரே தனித்துக் கணக்கிடும் வழக்கம் நீடிக்கிறது. தனித்தனியே சமர்ப்பிக்கப்படும் முறைப்பாடுகளை ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்திவிட்டு இரண்டையும் ஒதுக்குவது அதிகாரத்தில் இருப்போருக்கு மிக இலகுவான காரியமாகும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் கூட்டாக மேற்கொள்ளும் ஆய்வை அவ்வாறு ஒதுக்கிவிடுவது கடினம்.

பல்கலைக்கழகங்களின் மீது மாத்திரம் குறை சொல்வதும் நியாயமாகாது. ஆங்கிலச் சஞ்சிகைக் கட்டுரைகளுக்குப் பதவி உயர்வில் கிடைக்கும் மதிப்பு, மாவட்டத்துக்குப் பயன்படும் தமிழ் அறிக்கைக்குக் கிடைப்பதில்லை. கோப்புகளைப் பார்வையிடச் செல்லும் ஆய்வாளரைச் சந்தேகத்துடன் நோக்கும் மனப்பாங்கும் அலுவலகங்களை விட்டு முற்றாக அகலவில்லை.

ஆயினும் சட்டம் ஆய்வாளரின் பக்கமே நிற்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், 1 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதியிலான திட்டங்கள் பற்றிய தகவல்களை, பணி தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக் கூடியோருக்கும் அறிவிக்கும் கடமையை அமைச்சர் மீது சுமத்துகிறது. வடக்கு, கிழக்கில் தமிழே நிர்வாக மொழியென அரசியலமைப்பும் கூறுகிறது. இவ்விரண்டையும் ஒருசேரக் கைக்கொண்டு ஆவணங்களைத் தமிழில் கோரும் முதற்பணியை ஆய்வாளர்களே தொடங்கலாம்.

கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிவுற்ற பின்னர் உரிய காலத்தில் தேர்தல் நடத்தப்படவில்லை. மக்களின் தெரிவுக்குட்பட்ட சபையின்றி, ஆளுநரின் கீழேயே மாகாண நிர்வாகம் பல ஆண்டுகளைக் கடந்தது. கேள்வி கேட்பதற்குச் சபை இல்லாத காலத்தில், ஆதாரத்துடன் கேட்கப்படும் கேள்வியின் பெறுமதி பன்மடங்காகின்றது.

எனவே துறைமுகத்தையும் வலுசக்தித் திட்டங்களையும் சார்ந்த ஆய்வறிக்கைகளை அரசாங்கம் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட வேண்டும். மாவட்டச் செயலகம் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்குத் தன் ஆவணங்களைத் திறந்துவிட வேண்டும். ஆய்வாளர்களும் இன எல்லைகளைக் கடந்து, பாதிக்கப்படும் மக்களுக்கு விளங்கும் மொழியில் தம் முடிவுகளை முன்வைக்க வேண்டும். அடுத்த உடன்படிக்கையில் ஒப்பமிடப்படுவதற்கு முன்னர் இக்கணக்கு எழுதப்படாவிடின், சம்பூர் மக்களுக்கு நேர்ந்தது இன்னொரு கிராமத்துக்கு நேர்வதைத் தடுக்க எவராலும் முடியாது போய்விடும்.