வரி குறைந்தது, வரிசை குறையவில்லை

தடையற்ற வணிக ஒப்பந்தம் கையெழுத்தானால் செய்தியாவது வரிக் குறைப்புதான். எல்லையில் சரக்கோடு நிற்பவருக்கோ வரியைவிடக் காத்திருப்பே பெரிய செலவு. வரியே இல்லாத தக்காளியும் சாவடியில் நாள்கணக்கில் கிடந்தால் அழுகித்தான் போகும்.

சாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் நடுவே, சாம்பேசி ஆற்றங்கரையில் இருக்கிறது சிருண்டு. சாம்பியச் செம்பு தென்னாப்பிரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் வழிகளில் ஒன்று. முன்பு ஒவ்வொரு லாரியும் பாலத்தின் இரு பக்கமும் நின்றது. அதே ஆவணங்களை இரண்டு முறை காட்டியது. 2009 டிசம்பரில் ஆப்பிரிக்காவின் முதல் ஒருங்கிணைந்த எல்லைச் சாவடி அங்கே திறக்கப்பட்டது. தெற்கே போகும் லாரி ஜிம்பாப்வே பக்கம் மட்டும் நிற்கும். வடக்கே போவது சாம்பியா பக்கம் மட்டும். இரு நாட்டு அதிகாரிகளும் அங்கேயே இருப்பார்கள்.

கட்டடம் எழுப்பியதால் மட்டும் இது நடந்துவிடவில்லை. அடுத்த நாட்டு மண்ணில் நின்று சரக்கைப் பறிமுதல் செய்ய ஓர் அதிகாரிக்கு என்ன அதிகாரம்? இரு நாடுகளும் இதற்கெனத் தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. இந்தச் சட்ட வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு வளாகத் திறப்பு விழா நடத்துவதில் பயனில்லை.

இதைவிடக் கடினமானது ஒரே நாட்டுத் துறைகளுக்குள் வர வேண்டிய ஒத்துழைப்பு. சுங்கம் காலையில் பார்த்து முடித்த பெட்டியைத் தாவர நோய்த்தடுப்புப் பிரிவு மாலையில் மீண்டும் திறக்கும்; உணவுப் பாதுகாப்புத் துறை மாதிரி எடுக்க மறுநாள் வரும். கடைசிக் கையெழுத்து விழும்வரை லாரி நகராது. 2017 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்த உலக வணிக அமைப்பின் வணிக எளிமையாக்க ஒப்பந்தத்தில் 8ஆம் பிரிவு, முதலில் உள்நாட்டுத் துறைகளின் ஒத்துழைப்பைத்தான் கேட்கிறது. அதன் பிறகே அண்டை நாட்டுடன் வேலை நேரம், நடைமுறை, கூட்டுச் சோதனை ஆகியவற்றை இசைவாக்கச் சொல்கிறது. அதுவும் ‘இயன்ற அளவு’ என்ற தளர்வோடு. பல நாடுகளுக்கு அந்தத் தளர்வே சாக்காகிவிட்டது.

சேர்ந்து வேலை செய்தால் கண்காணிப்பு தளர்ந்துவிடும் என்ற அச்சத்தை நாம் ஏற்கவில்லை. ஏற்றுமதி நாட்டில் காட்டிய மதிப்பையும் இறக்குமதி நாட்டில் காட்டிய மதிப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே பல மோசடிகள் வெளிப்படும்.

அதே ஒப்பந்தப்படி உறுப்பு நாடு ஒவ்வொன்றும் வணிக எளிமையாக்கத்துக்கு ஒரு தேசியக் குழு வைத்திருக்க வேண்டும். சுங்க முகவர்களே, சரக்கு அனுப்புநர்களே, எந்தத் துறையிடம் எத்தனை மணி நேரம் போனது என்று ஒவ்வொரு சரக்குக்கும் குறித்து வையுங்கள். உங்கள் சங்கத்தின் வழியாக அந்தக் கணக்கைக் குழுவின் முன் வைத்து, பதில் கேளுங்கள்.