குளிரா, வயதா, பாதரசமா? கொடைக்கானலில் விடை கிடைக்காத கை நடுக்கம்

கொடைக்கானலில் காலை வேளையில் யாருடைய கையும் கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். அது கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 7 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிற ஊர். மார்கழி, தை மாதங்களில் புல்லின் மேல் உறைபனி படியும். டீக்கடையில் நிற்பவர்கள் கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக் கொள்வார்கள்.

வெயில் ஏறியதும் எல்லோருடைய கையும் நிலைக்கு வந்துவிடும். ஒருவருடைய கை மட்டும் நிற்கவில்லை என்று வைத்துக் கொள்ளுங்கள். டம்ளர் உதட்டுக்குப் போவதற்குள் பாதி டீ சட்டையில் சிந்திவிடுகிறது. கையெழுத்துப் போட்டால் கோணல் மாணலாக வருகிறது. சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிட வேண்டியிருக்கிறது.

அவருக்கு என்ன நோய்?

"குடிகாரன்" என்பார்கள், அவரை அறியாதவர்கள். "வயதாகிவிட்டது" என்பார்கள் வீட்டில். ஒரு டாக்டர் "நரம்புத் தளர்ச்சி" என்பார். இன்னொரு டாக்டர் "பார்க்கின்சன் நோயாக இருக்கலாம்" என்பார். அந்த மனிதர் வாலிபத்தில் செயின்ட் மேரீஸ் சாலையில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவராக இருந்தால், இன்னொரு கேள்வியும் சேர்ந்து கொள்ளும்.

"இது பாதரசத்தின் வேலையா?"

இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஊரைச் சுற்றிச் சுற்றி வருகிற கேள்வி இது. கோர்ட்டுக்குப் போனது. நிபுணர்களிடம் போனது. டில்லி வரை போனது. ஆனால் நடுங்குகிற கைக்கு உரியவருக்கு இன்னும் நேரான பதில் கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் இருந்து வந்தது

உடம்புச் சூட்டை அளக்கும் தெர்மாமீட்டரை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதன் உள்ளே வெள்ளிக் கம்பி போல ஏறி இறங்குவது பாதரசம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் என்ற ஊரில் நடந்து வந்த ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை, 1980-களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு இடம் மாறியது. செஸ்பரோ பாண்ட்ஸ் கம்பெனி அதை நடத்தியது. 1987-ல் அந்தக் கம்பெனி யூனிலீவர் கைக்குப் போனது. பின்னர் 1998-ல் பாண்ட்ஸ் இந்தியா, இந்துஸ்தான் லீவருடன் இணைந்தது.

பாதரசம் வெளிநாட்டில் இருந்து வந்தது. தெர்மாமீட்டர்களும் வெளிநாட்டுக்கே போயின. மலையில் மிஞ்சியது வேலையும் கூலியும் உடைந்த கண்ணாடியும்தான்.

அந்தக் கண்ணாடிதான் கதையை வெளியே கொண்டு வந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில், பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு மூட்டை மூட்டையாகக் கிடந்ததை ஊர் மக்களும் கிரீன்பீஸ் இயக்கத்தினரும் கண்டார்கள். ஏழு டன்னுக்கு மேல் இருந்தது என்று அவர்கள் அறிவித்தார்கள். ஊர்வலம் நடந்தது. தொழிற்சாலை மூடப்பட்டது. தன்னுடைய விதிகளை மீறிக் கண்ணாடிக் கழிவு விற்கப்பட்டுவிட்டது என்பதைக் கம்பெனி ஒப்புக்கொண்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது.

கழிவைத் திருப்பி அனுப்பலாம். மூச்சில் போனதை எப்படித் திருப்பி அனுப்புவது?

ஆவியாகும் உலோகம்

பழனி மலைத்தொடருக்குப் பாதரசம் புதிய பெயர் அல்ல. அதே மலைகளின் வடக்கு அடிவாரத்தில் இருக்கிறது பழனி. அங்குள்ள முருகன் சிலையைப் போகர் நவபாஷாணத்தால் செய்தார் என்பது மக்கள் நம்பிக்கை. சித்த வைத்தியர்கள் பாதரசத்தை "ரசம்" என்பார்கள். அதைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கக் கூடாது என்பது அவர்கள் வைத்திருக்கிற விதி. அது பொல்லாத பொருள் என்பது நம்மவர்களுக்குப் பழைய காலத்திலேயே தெரிந்திருந்தது.

பாதரசம் தண்ணீரைப் போல 13.6 மடங்கு கனமானது. இரும்புக் குண்டைப் போட்டால்கூட அதில் மிதக்கும்! இவ்வளவு கனமான பொருள் காற்றில் எப்படிக் கலக்கும் என்று தோன்றும். ஆனால் கலக்கிறது. அடுப்பில் வைக்க வேண்டியதில்லை. சாதாரண அறைச் சூட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிவிடும். அந்த ஆவிக்கு நிறம் இல்லை, வாசனையும் இல்லை. மூச்சோடு உள்ளே போகும் ஆவியில் ஐந்தில் நான்கு பங்கை உடம்பு இழுத்துக் கொள்கிறது. அது ரத்தத்தில் கலந்து மூளைக்கும் போகிறது. தரையில் சிந்திய முத்துக்களைத் துடைப்பத்தால் பெருக்கினால் அவை இன்னும் சிறு சிறு முத்துக்களாகச் சிதறி, மேலும் வேகமாக ஆவியாகும்.

தொழிலாளிகள் சொன்னது இது: வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது உடையிலும் தலைமுடியிலும் பாதரசம் ஒட்டிக் கொண்டு வந்தது. கம்பெனி சொன்னது இது: தொழிற்சாலையில் பாதுகாப்பு முறைகள் இருந்தன, உடல்நலம் ஒழுங்காகக் கண்காணிக்கப்பட்டது, பாதரசத்தால் யாருக்கும் நோய் வந்ததாக நிரூபிக்கப்படவில்லை.

பாதரச ஆவியால் கை நடுங்கும் என்பதில் மட்டும் உலகத்தில் எந்த டாக்டருக்கும் சந்தேகம் இல்லை. அமெரிக்காவில் டான்பரி என்ற ஊர் தொப்பிக்குப் பெயர் போனது. மயிரைப் பதப்படுத்திக் கம்பளித் தொப்பி செய்யப் பாதரச உப்பைப் பயன்படுத்தினார்கள். தொப்பித் தொழிலாளிகளுக்குக் கை நடுங்கியது. அந்த நடுக்கத்துக்கு "டான்பரி நடுக்கம்" என்று ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள். 1941-ல்தான் அமெரிக்காவில் தொப்பித் தொழிலில் பாதரசத்தை நிறுத்தினார்கள்.

எந்த நடுக்கம்?

பிறகு ஏன் குழப்பம்? நடுக்கத்தில் பல ஜாதி இருப்பதுதான் காரணம்.

பார்க்கின்சன் நோய் என்பது மூளையின் ஒரு பகுதியில் "டோபமைன்" என்னும் ரசாயனத்தைச் சுரக்கும் அணுக்கள் அழிவதால் வருவது. லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் முதன்முதலாக இதை விவரித்து எழுதினார். அவர் எழுதியது ஆறே ஆறு பேரைப் பற்றி. அவர்களில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி! இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் டாக்டர்கள் பெரும்பாலும் கண்ணால் பார்த்துத்தான் இந்த நோயைச் சொல்கிறார்கள். "உனக்குப் பார்க்கின்சன்" என்று அடித்துச் சொல்லக்கூடிய ரத்தப் பரிசோதனை எதுவும் சாதாரண ஆஸ்பத்திரிகளில் இல்லை.

டாக்டர்கள் பார்ப்பது இதைத்தான்: பார்க்கின்சன் நடுக்கம் கை சும்மா இருக்கும்போது வரும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவது போல அசையும். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கும். நடை தளரும். எழுத்து பொடிப்பொடியாகச் சிறுக்கும். முகத்தில் சிரிப்பும் கோபமும் சரியாகத் தெரியாது.

பாதரச நடுக்கம் வேறு மாதிரி. கை ஒரு பொருளை எடுக்கப் போகும்போது அதிகமாகும். கண் இமை, உதடு, நாக்குகூட நடுங்கும். ஈறு வீங்கும். தூக்கம் கெடும். முன்பு கலகலப்பாக இருந்தவர் யாரையும் பார்க்கக் கூச்சப்பட்டு ஒதுங்குவார். இல்லையென்றால் சின்ன விஷயத்துக்கெல்லாம் சீறுவார். வீட்டில் உள்ளவர்கள் குணம் மாறிவிட்டது என்று நினைப்பார்களே தவிர, நோய் என்று நினைக்கமாட்டார்கள்.

இவை இரண்டும் இல்லாமல், தாய் தந்தை வழியில் குடும்பத்தில் தொடர்ந்து வரும் நடுக்கம் ஒன்று இருக்கிறது. பார்க்கின்சனைவிட அதுதான் அதிகம் பேருக்கு இருக்கிறது. அதிலும் டம்ளரைத் தூக்கும்போதுதான் கை ஆடும். தைராய்டு கூடினாலும் நடுங்கும். மனநோய்க்கும் வாந்திக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் பார்க்கின்சன் போலவே செய்துவிடும். வெல்டிங் வேலையிலும் சுரங்கத்திலும் மாங்கனீஸ் தூசியைச் சுவாசித்தவர்களுக்கும் அதே மாதிரி வருவது உண்டு.

புத்தகத்தில் இவை தனித்தனிப் பக்கத்தில் இருக்கின்றன. ஒரு மனிதனின் உடம்பில் அப்படிக் கோடு போட்டுப் பிரிந்து இருப்பதில்லை. பாதரசத்தில் வேலை பார்த்தவருக்கும், பார்க்காத அவருடைய அண்ணனுக்கு வருவது போலவே, அறுபது வயதில் பார்க்கின்சன் வரலாம். பாதரசமே பார்க்கின்சன் நோயை உண்டாக்குகிறது என்று இதுவரை நிரூபிக்கப்படவும் இல்லை.

தடயம் போய்விட்டது

"ரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடுமே!" என்று நினைக்கலாம். கொடைக்கானல் வழக்கின் முடிச்சே இங்குதான் இருக்கிறது.

உடம்பில் சேர்ந்த பாதரசம் சுமார் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைகிறது. பெரும்பகுதி சிறுநீரிலும் மலத்திலும் வெளியேறிவிடும். ரத்தத்தில் இருந்து இன்னும் சீக்கிரம் மறையும். வேலை பார்க்கிற காலத்தில் சிறுநீரைச் சோதித்தால் கணக்குத் தெரியும். வேலை போய் ஐந்து, ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்தால் மற்றவர்களுக்கு இருக்கிற அளவுதான் இருக்கும். திருடன் போய்விட்டான், உடைந்த பூட்டு மட்டும் இருக்கிறது. பூட்டை உடைத்தது அவன்தானா, துருப்பிடித்துத் தானாக உடைந்ததா என்று இப்போது எப்படிச் சொல்வது?

தொழிற்சாலை மூடியது 2001-ல். முன்னாள் தொழிலாளிகள் சங்கம் சென்னை ஐகோர்ட்டில் வழக்குப் போட்டது 2006-ல். ஐகோர்ட்டு 2007-ல் நிபுணர் குழுவை அமைத்தது. இப்போது இருக்கும் உடல் கோளாறுகளை அந்தக் காலத்துப் பாதரசத்தோடு சேர்த்துச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று அந்தக் குழு கூறியது. 2011-ல் மத்திய அரசின் தொழிலாளர் அமைச்சகம் வேறு விதமாகச் சொன்னது. தொழிலாளிகள் மட்டும் அல்ல, அவர்களுடைய பிள்ளைகளும் பாதிக்கப்பட்டார்கள் என்றது அந்த அறிக்கை.

ஒரே மலை, ஒரே தொழிற்சாலை, இரண்டு பதில்கள்!

"ஆதாரம் இல்லை" என்பது வேறு, "பாதிப்பு இல்லை" என்பது வேறு. கோர்ட்டில் இந்த இரண்டுக்கும் இடையே பெரிய தூரம் உண்டு. டீக்கடையில் அந்தத் தூரம் இல்லை. நிபுணர்கள் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றுதான் ஊருக்குள் பேச்சு வரும். கை நடுங்குகிறவர் பொய் சொல்கிறவராக ஆகிவிடுவார்.

2015-ல் சென்னையைச் சேர்ந்த பாடகி சோபியா அஷ்ரப் இதைப் பாட்டாகப் பாடினார். "கொடைக்கானல் வோன்ட்" என்ற அந்தப் படக்காட்சியை உலகம் முழுவதும் லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் சமரசம் ஏற்பட்டது. 591 முன்னாள் தொழிலாளிகளுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் கம்பெனி பணம் கொடுக்க இசைந்தது. தொகை எவ்வளவு என்று வெளியிடவில்லை. மனிதாபிமான முறையில் கொடுப்பதாகக் கம்பெனி கூறியது. அதனால் பணம் வந்தது, "எனக்கு வந்தது என்ன நோய்?" என்ற கேள்விக்கு அந்த ஒப்பந்தத்தில் பதில் இல்லை.

உலக நாடுகள் கூடிச் செய்த மினமாட்டா உடன்படிக்கை 2017-ல் அமலுக்கு வந்தது. பாதரச தெர்மாமீட்டர்களைப் படிப்படியாக ஒழிப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. 2018-ல் இந்தியாவும் அதை ஏற்றது. இனிமேல் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது நல்ல செய்தி.

பெயர் தெரியாத நோயோடு

நோயின் பெயர் நிச்சயமாகத் தெரியாவிட்டால் வைத்தியமே கிடையாதா? அப்படி இல்லை.

"லெவோடோபா" என்ற மருந்து பார்க்கின்சன் நோயில் இல்லாமல் போகும் டோபமைனை ஈடு செய்கிறது. சந்தேகமான நோயாளிக்கு டாக்டர் சில வாரங்கள் அதைக் கொடுத்துப் பார்ப்பார். நன்றாகக் கேட்டால், பார்க்கின்சன் என்ற எண்ணம் வலுக்கும். கேட்காவிட்டால் வேறு வழியில் தேடுவார். மாத்திரையே இங்கே பரிசோதனையாகவும் ஆகிவிடுகிறது. இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பதை 1937-ல் கண்டு எழுதியவர்கள் சென்னையில் ஆராய்ச்சி செய்த தாமோதரனும் ராமசாமியும். அதற்காக விதையை வாங்கி இடித்துச் சாப்பிடக் கூடாது. அளவு தவறினால் வாந்தியும் மயக்கமும் மனக்குழப்பமும் வரும்.

குடும்பத்தில் வருகிற நடுக்கத்துக்கு வேறு மாத்திரைகள் இருக்கின்றன. தைராய்டு என்றால் அதற்குத் தனி வைத்தியம். பாதரசத்தை உடம்பில் இருந்து வெளியேற்றும் மருந்தும் இருக்கிறது. ஆனால் அது பாதரசம் உடம்பில் இருக்கும்போது கொடுக்க வேண்டியது. பல ஆண்டுகள் கழித்துக் கொடுத்தால், மூளையில் ஏற்கெனவே நடந்த சேதத்தை அது சரி செய்யாது. "விஷத்தை முறிக்கிறேன்" என்று பணம் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம்.

மலையில் இருந்து மதுரைக்கு சுமார் 120 கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், வரிசையில் நின்று டாக்டரைப் பார்த்தால் பத்து நிமிஷம் கிடைக்கும். அந்தப் பத்து நிமிஷத்தில் கை நடுங்காமல் இருந்துவிட்டால்? அதனால் வீட்டில் நடப்பதை எழுதிக் கொண்டு போவது நல்லது. எந்தக் கை முதலில் நடுங்கியது, எந்த ஆண்டு, தூங்கும்போது நிற்கிறதா, அப்பாவுக்கு இருந்ததா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதெல்லாம் டாக்டருக்கு வேண்டும். பிள்ளைகள் கைப்போனில் ஒரு நிமிஷம் படம் பிடித்துக் கொடுத்தால் இன்னும் உதவி. தொழிற்சாலையில் எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு வேலை என்பதையும் சொல்ல வேண்டும். கேட்டால் சொல்லலாம் என்று இருந்துவிடக் கூடாது. பல டாக்டர்கள் கேட்பதில்லை.

ஆறு மாதம் கழித்து வரச் சொன்னால், "டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று சலித்துக் கொள்கிறார்கள். உண்மையில் இந்த நோய்களைப் பிரித்துக் காட்டுவது காலம்தான். பார்க்கின்சன் ஆண்டுக்கு ஆண்டு கூடும். பாதரச நடுக்கம், வேலையை விட்ட பிறகு பலருக்குக் குறைகிறது, சிலருக்குத் தங்கிவிடுகிறது.

நரம்பு டாக்டர்கள் ஒரு காகிதத்தையும் பேனாவையும் கொடுத்து, கொசுவர்த்திச் சுருள் மாதிரி ஒரு சுருள் வரையச் சொல்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் வரையலாம். நல்ல கையில் கோடு வழுவழுப்பாக வரும். நடுங்கும் கையில் ரம்பத்தின் பல் போல வரும். பார்க்கின்சன் இருந்தால் சுருள் சிறுத்து நெருங்கிவிடுவது உண்டு. காகிதத்தின் மூலையில் தேதியைப் போட்டு வைத்துக் கொள்கிறார்கள். அடுத்த முறை வந்ததும் இன்னொரு சுருள். பிறகு இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.