இணைப்பு அறுந்தாலும் ஒவ்வாமைக் குறிப்பு மறையலாகாது

பெரிய மருத்துவமனைகளில் நோயாளர் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே கணினியில் இருப்பதில்லை. ஒன்று பழுதானாலும் பணி நின்றுவிடக் கூடாது என்பதற்காக, அவற்றின் படிகளை வெவ்வேறு இடங்களிலுள்ள கணினிகளில் வைக்கின்றனர். இதனைப் பரவல் தரவுத்தளம் என்பர். இவ்வமைப்பை வகுப்பது பொறியாளர் பணியே. ஆயினும் அதிலுள்ள ஒரு முடிவை அவர்களிடம் மட்டும் விட்டுவிடலாகாது என்பது என் கருத்து.

அக்கணினிகளுக்கிடையே இணைப்பு அறுந்தால் என்ன நிகழும்? 2000-ஆம் ஆண்டில் எரிக் புரூவர் என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர் இதிலுள்ள ஒரு வரம்பைச் சுட்டினார்; 2002-இல் சேத் கில்பர்ட்டும் நான்சி லிஞ்சும் அதனை நிறுவினர். இணைப்பு அறுந்த நிலையில், எங்கு கேட்டாலும் ஒரே விடை என்னும் உறுதியையும், கேட்ட இடத்திலெல்லாம் விடை என்னும் வசதியையும் ஒருசேரப் பெற இயலாது. ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

எதை விடுவது என்பது குறிப்பின் தன்மையைப் பொறுத்தது. குருதி வங்கியில் எஞ்சியுள்ள ஒரே பையை இரு பிரிவினர் தத்தம் நோயாளருக்கென ஒதுக்கிவிடலாகாது. அங்கே கணினி காத்திருக்கச் சொல்வதே முறை. ஊழியர் தொலைபேசியில் கேட்டறியலாம். பென்சிலின் ஒவ்வாமை பற்றிய குறிப்போ அவ்வாறன்று. நினைவிழந்து வந்தவருக்கு ஊசி போடுமுன், நேற்றைய குறிப்பாயினும் அது மருத்துவர் கண்ணில் பட வேண்டும். பழைய குறிப்பு வழிதவறச் செய்யாதா எனச் சிலர் வினவலாம். புதுப்பித்த நாளும் நேரமும் உடன் காட்டப்பெறின், அது வெற்றுத் திரையினும் மேலானதே. இணைப்பு மீண்டதும் இருபுறமும் பதிந்த ஒவ்வாமைகள் யாவும் ஒன்றுசேர வேண்டும். பிந்தியது முந்தியதை அழிக்கலாகாது.

2021 செப்டம்பர் 27 அன்று தொடங்கப்பெற்ற ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் திட்டத்தில், குறிப்புகள் அவை உருவான இடத்திலேயே இருக்கின்றன. 14 இலக்க ஆபா எண் வழியே, நோயாளர் இசைந்தால் மட்டுமே பிற மருத்துவமனை அவற்றைப் பெறும். அந்தரங்கம் காக்க இது நன்று. எனினும் தொலைவிலுள்ள கணினி விடை தராத வேளையும் வரும்.

ஆகவே, எக்குறிப்பு காத்திருக்கலாம், எக்குறிப்பு காத்திருக்கலாகாது என்பதை மருத்துவரும் செவிலியரும் நோயாளரும் கலந்து முடிவுசெய்து, ஒவ்வொரு மருத்துவமனையும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதுவரையிலும் அதன் பின்னரும், ஒவ்வாமைகளையும் உட்கொள்ளும் மருந்துகளையும் ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்திருங்கள். அத்தாளுக்கு இணைப்பு வேண்டியதில்லை.