சூழல்நேயம் தொழிற்சாலைக்குள் தொடங்கட்டும்

கையடக்கத் தொலைபேசி, மடிக்கணினி என இலத்திரனியல் சாதனங்களுக்கு நம் வீடுகளில் இன்று குறைவில்லை. பழுதடைந்த சாதனங்களை எங்கே போடுவது என்று பேசும் நாம், அவை எப்படி உருவாகின்றன என்று கேட்பது அரிது. உயர்தரத்தில் இரசாயனவியல் கற்கும் மாணவி என்ற வகையில், சூழல்நேயம் தொழிற்சாலைக்குள்ளேயே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

அது முடியாத காரியமல்ல. மின்சுற்றுப் பலகையில் பாகங்களைப் பொருத்தும் பற்றாசு, நீண்டகாலமாக வெள்ளீயமும் ஈயமும் சேர்ந்த கலவையாகவே இருந்தது. பரவலாகப் பாவிக்கப்பட்ட கலவையில் ஏறத்தாழ 37 சதவீதம் ஈயம். ஈயமோ சிறுவர்களின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் தன் சந்தைக்கு வரும் இலத்திரனியல் பொருட்களில் ஈயம், இரசம், கட்மியம் போன்றவற்றைக் கட்டுப்படுத்தியது. பழைய பற்றாசு 183 பாகை செல்சியஸில் உருகும். அதற்குப் பதிலாக வந்த வெள்ளீயம், வெள்ளி, செம்புக் கலவை உருக ஏறத்தாழ 217 பாகை வேண்டும். அந்த வெப்பத்தைத் தாங்கும்படி பாகங்களையும் செய்முறைகளையும் மாற்ற வேண்டியிருந்தது. சட்டம் வந்ததும் ஆசியத் தொழிற்சாலைகளும் மாறின.

ஆனால் அச்சட்டம் பார்ப்பது செய்து முடித்த பொருளில் எஞ்சியிருப்பதை மட்டுமே. சில்லுகளைக் கழுவப் பாவிக்கும் இரசாயனங்கள் பல, பொருளில் தங்குவதில்லை. பாதுகாப்புக் குறைந்தால் அவை தொழிலாளியின் மூச்சிலும் கழிவுநீரிலும் கலக்கும்.

தென்கொரியாவின் ஹ்வாங் யூ-மியை நினைத்துப் பாருங்கள். பாடசாலைக் கல்வியின் பின் 2003இல் சாம்சங் நிறுவனத்தின் சில்லுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். 2007இல், இருபதுகளின் தொடக்கத்திலேயே, இரத்தப் புற்றுநோயால் மரணித்தார். டாக்சிச் சாரதியான தந்தை நீதி கேட்டுப் போராடினார். அந்நோய் தொழிலால் வந்ததென 2011இல் நீதிமன்றம் ஏற்றது. நோயுற்ற தொழிலாளரிடமும் குடும்பங்களிடமும் அந்நிறுவனம் 2018இல் பகிரங்கமாக மன்னிப்புக் கோரியது. வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு ஏறத்தாழ நம் வயதுதான்.

"எங்கோ இருக்கும் தொழிற்சாலைக்கு நாம் என்ன செய்வது?" என்று சிலர் கேட்கலாம். ஈயத்தைக் குறைக்க வைத்தது வாங்குவோர் நாடுகளின் சட்டம் என்பதை மறக்கலாகாது. பொருளில் என்ன இருக்கிறது என்று கேட்ட உலகம், அதைச் செய்தவர் எதைச் சுவாசித்தார் என்றும் கேட்க வேண்டும்.

பெற்றோர்களே, நன்றாக இயங்கும் தொலைபேசியை இன்னும் சில ஆண்டுகள் பாவிக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். தோழியரே, இரசாயனவியலைப் பரீட்சைக்காக மட்டும் படிக்காதீர்கள். நஞ்சில்லாத செய்முறையைக் கண்டுபிடிக்கப்போகும் கைகள் நம்முடையதாகவும் இருக்கலாம்.